தேடினால் கிடைக்க வேண்டுமே

ஔவையாரின் பெயரைக் கணினியில் இரண்டு விதமாக அடிக்கலாம். 'ஔ' என்ற ஒற்றை உயிரெழுத்தைப் போட்டுத் தொடங்குவது ஒன்று. 'ஒ' போட்டு, பக்கத்தில் ஒரு 'ள' போட்டு ஒப்பேற்றுவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கணினிக்கோ இவை இரண்டு வேறு சொற்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு பதிப்பகத்தார் தங்கள் இணையதளத்தைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். 'மௌனம்' என்று தலைப்பில் வரும் அவர்களுடைய நூல் ஒன்று, அவர்கள் தளத்தின் தேடல் பெட்டியிலேயே அகப்படவில்லை. தட்டச்சு செய்தவர் ஒற்றைக் கொம்பும் 'ள'வும் போட்டு அடித்திருந்தார். பலரும் தேடுகிற சொல் என்றால் பெரிய தேடுபொறிகள் இந்தப் பிழையை ஊகித்துக் கடந்துவிடும். ஆண்டுக்கு நாலு பேர் தேடுகிற ஒரு நூற்பெயருக்கோ குக்கிராமத்தின் பெயருக்கோ அந்த ஊகத்தை நம்பியிருக்க முடியாது.

"கூகுளில் முதல் பக்கத்தில் வர வேண்டும், என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் முகம் வாடிவிடும். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு சூட்சுமம். எஸ்.இ.ஓ., அதாவது தேடுபொறிக்கு ஏற்பத் தளத்தைச் சீரமைத்தல், என்ற பெயரில் விற்கப்படுவதும் பெரும்பாலும் சூட்சுமங்கள்தான். ஆனால் இந்தத் துறையின் வேலை இரண்டு வகை. நம் பக்கத்தை எந்திரம் கண்டெடுத்து, படித்து, இன்னதென்று புரிந்துகொள்ளும்படி வைப்பது முதல் வகை. இருக்கிற பக்கங்களில் இதுதான் நல்லது என்று அந்த எந்திரத்தை நம்பவைப்பது இரண்டாம் வகை. முதலாவது செலவில்லாத வேலை, சலிப்பூட்டும் வேலை, ஆகவே செய்யப்படாமல் கிடக்கும் வேலை. இரண்டாவதில்தான் பணம் புரள்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் அந்த இரண்டாம் வகையின் வரலாறு பெரும்பாலும் போலிச் சான்றுகளின் வரலாறாகவே இருந்திருக்கிறது.

முதல் வகையைப் பார்ப்போம். நாம் கேள்வியை அடிக்கிற நொடியில் தேடுபொறி இணையத்தைத் தேடுவதில்லை. முன்பே படித்துக் குறித்து வைத்த ஒரு சொல்லடைவைப் புரட்டுகிறது, அவ்வளவுதான். உ.வே.சாமிநாதையர் பதிப்புகளின் கடைசியில் அரும்பத அகராதி வரும்: சொல்லுக்கு எதிரே அது வருகிற இடங்களின் எண்கள். கூகுளின் இன்டெக்ஸும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான், எண்ணுக்குப் பதில் இணைய முகவரி. ஐயர் ஏட்டை வாசித்துக் குறித்தார். இங்கே கிராலர் என்னும் நிரல் ஒரு பக்கத்தில் இருக்கிற லிங்க்குகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கு நகர்ந்து, வாசித்துக்கொண்டே போகிறது. எங்கிருந்தும் லிங்க் இல்லாத பக்கம் வாசல் வைக்காத அறை மாதிரி. உள்ளே என்ன இருந்தாலும் கணக்கில் வராது. இதற்காகத்தான் சைட்மேப் என்ற கோப்பு. 2005இல் கூகுள் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே யாகூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றுக்கொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். நாற்பது பக்கமுள்ள ஒரு தளத்தில் மெனு ஒழுங்காக இருந்தால் அது இல்லாமலும் காரியம் நடக்கும்.

நடக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே போட்ட பூட்டு. கிராலர்கள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பை 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தார். 28 ஆண்டுகள் வெறும் வழக்கமாகவே இருந்து, 2022இல்தான் அது முறையான தரமாயிற்று. தளத்தைக் கட்டும்போது வெளியாட்கள் பார்க்க வேண்டாமென்று அதில் எல்லாவற்றையும் தடுத்து வைப்பார்கள். கட்டி முடித்து, குத்துவிளக்கேற்றித் திறப்பு விழாவும் நடத்துவார்கள். பூட்டைத் திறக்க மட்டும் மறந்துவிடுவார்கள். இதில் ஒரு நுட்பமும் உண்டு. ரோபாட்ஸ் கோப்பு வாசிப்பதைத்தான் தடுக்கும். பட்டியலில் சேர்க்காதே என்று சொல்ல 'நோஇன்டெக்ஸ்' என்ற குறிப்பைப் பக்கத்துக்குள் வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால், வாசிக்கத் தடையிருப்பதால் அந்தக் குறிப்பை எந்திரம் பார்க்கவே பார்க்காது. மறைக்க நினைத்த பக்கத்தின் முகவரி தேடலில் தலைகாட்டிவிடும்.

ஒரே பக்கம் நாலு முகவரிகளில் திறப்பதும் அடிக்கடி காணும் கோளாறு. எது மூலம், எது படி என்று சொல்லும் கெனானிக்கல் குறிப்பு 2009இல் வந்தது. அதைவிடப் பெரிய கொடுமை, தமிழ்ச் செய்தியைப் படமாக்கிப் போடுவது. கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரல், கடையின் விலைப்பட்டியல், கல்லூரி அறிவிப்பு எல்லாம் வண்ண போஸ்டராகத் தளத்தில் தொங்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் திறன் எந்திரத்துக்கு ஓரளவு இருந்தாலும், அதை நம்பிக் கடை திறக்க வேண்டாம். தளம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க கூகுளின் சர்ச் கன்சோல் போதும், அது இலவசம். முதல் பக்கம் கேட்டு வருகிறவர்களின் தளங்களை அதில் திறந்து பார்த்தால், பாதி பக்கங்கள் எந்தப் பக்கத்திலும் இல்லாத நிலையைக் கண்டிருக்கிறேன்.

பட்டியலில் சேர்ந்தாயிற்று. அடுத்து, எந்தச் சொல்லுக்கு எந்தப் பக்கம்? ஒரு சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதாது. 'ஒரு', 'என்று' போன்றவை எல்லாப் பக்கத்திலும் இருக்கும். அரிதாக வரும் சொல்லுக்கே எடை அதிகம் என்பதைக் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய காரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் ஒரு கட்டுரையில் வடித்துத் தந்தார். அந்தக் கணக்கின் வழித்தோன்றல்கள் இன்றும் தேடுபொறிகளுக்குள் ஓடுகின்றன. இதில் தளக்காரர் கற்க வேண்டியது ஒன்று: பக்கத்தின் தலைப்பு வரி. எத்தனையோ தமிழ்த் தளங்களின் தலைப்பு 'முகப்பு' என்றோ 'வரவேற்கிறோம்' என்றோ இருக்கிறது. சுங்குடிச் சேலை விற்கிறவர் 'சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகள்: விலையும் வகைகளும்' என்று எழுதினால் எந்திரத்துக்கும் புரியும், மனிதருக்கும் புரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தலைப்பு வேண்டும். தலைப்பின் கீழ் வரும் சுருக்க விளக்கம் வரிசையை உயர்த்தாது. ஆனால் படிப்பவர் சொடுக்குவாரா மாட்டாரா என்பதில் அதற்குப் பங்குண்டு.

சொல்லை எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததும் 1990களிலேயே கள்ளத்தனம் தொடங்கிவிட்டது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதினார்கள். மெட்டா கீவேர்ட்ஸ் என்ற பெட்டியில் தங்கள் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத நடிகைகளின் பெயரெல்லாம் அடைத்தார்கள். அந்தப் பெட்டியை வரிசைப்படுத்தத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இல் வெளிப்படையாகவே அறிவித்தது. அதன் பிறகும் அதை நிரப்பிக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தளக்காரர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதை நம்ப முடியாது, மற்றவர்கள் சொல்வதைக் கேட்போம் என்ற எண்ணம்தான் கூகுளின் தொடக்கம். ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996இல் தொடங்கிய திட்டத்துக்கு முதலில் வைத்த பெயர் 'பேக்ரப்'. ஆய்வுக் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணி அவற்றின் மதிப்பை அளப்பது கல்விப்புலத்தில் ஏற்கெனவே இருந்த வழக்கம். அதை அவர்கள் வலைப்பக்கங்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு லிங்க் என்பது ஒரு பரிந்துரை. பரிந்துரைப்பவர் எவ்வளவு மதிப்புள்ளவரோ அந்தப் பரிந்துரைக்கும் அவ்வளவு மதிப்பு. அவர் நூறு பேரைப் பரிந்துரைத்தால் ஆளுக்கு நூறில் ஒரு பங்குதான். ஊர்ப் பெரியவர் ஒருவர் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்துக்கும், எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுக்கும் நற்சான்றிதழுக்கும் உள்ள வேறுபாடு இது. 1998இல் வெளியான அவர்களுடைய கட்டுரை 2.4 கோடி பக்கங்களை வைத்து இதைச் செய்து காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் பிறந்தது. அந்தக் கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பரத்தால் பிழைக்கும் தேடுபொறி வாசகர் பக்கம் நிற்காது, விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இன்று விளம்பரம் இருக்கும் பக்கங்களில் உச்சியில் வருவது காசு கொடுத்து வாங்கிய இடம். 'முதலிடம்' என்று நாம் பேசுவது அதற்குக் கீழே.

பரிந்துரைக் கடிதத்துக்கு மதிப்பென்றால் கள்ளக் கடிதத்துக்குச் சந்தை உருவாகாமல் இருக்குமா? லிங்க் விற்பதற்கென்றே தளங்கள் முளைத்தன. பிறருடைய பதிவுகளின் கீழே பின்னூட்டம் போலப் புகுந்து லிங்க்குகளைக் கொட்டும் நிரல்கள் வந்தன. அதைத் தடுக்க 2005இல் 'நோஃபாலோ' என்ற குறிப்பு வந்தது: லிங்க் இருக்கும், பரிந்துரையாகக் கணக்கில் வராது. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளத்தைக் கூகுள் பட்டியலிலிருந்தே தூக்கியது. எந்திரத்துக்குச் சொல் நிறைந்த ஒரு பக்கத்தையும் மனிதருக்கு வேறொரு பக்கத்தையும் அது காட்டியிருந்தது. அதைவிடப் பேசப்பட்டது ஜே.சி.பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடரின் கதை. 2010 கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்தில் உடுப்பு, படுக்கைவிரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடையே முதலில் வந்தது. நியூயார்க் டைம்ஸ் துருவியபோது, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து அதற்கு லிங்க் போயிருப்பது தெரிந்தது. 2011 பிப்ரவரியில் கூகுள் கைவைத்தது. ஒரு பயணப் பெட்டிக்கான தேடலில் இரவு ஏழு மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், 2012 ஜனவரியில் கூகுள் தன்னுடைய குரோம் உலாவியின் பக்கத்தையே 60 நாட்களுக்குத் தரம் இறக்க வேண்டியதாயிற்று. அதை விளம்பரப்படுத்த அமர்த்தியவர்கள் காசு கொடுத்து எழுதவைத்த பதிவு ஒன்றில் லிங்க் இருந்தது. அந்த ஏப்ரலில் வந்த 'பெங்குவின்' மாற்றம் லிங்க் வியாபாரிகளின் வயிற்றில் அடித்தது.

லிங்க்குகளின் மதிப்பு இன்று போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. உண்மையில் கிடைக்கும் லிங்க் எப்படி வரும் என்பதற்கு ஆயிரம் ரூபாய்க்கு ஐந்நூறு லிங்க் விற்பவரிடம் விடையிருக்காது. உங்களிடம் மட்டும் இருக்கிற ஒன்றைப் போடும்போது வரும். தன் ஊர் ஏரிகளின் பழைய வரைபடங்களை ஒருவர் வருடி ஏற்றினால், அதைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

உள்ளடக்கத்திலும் இதே பூனை எலி ஆட்டம்தான். தேடப்படும் சொற்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றுக் கட்டுரை எழுதிக் குவித்த தளங்களை 2011 பிப்ரவரியின் 'பாண்டா' மாற்றம் கீழே தள்ளியது. கரடியின் பெயர் என்று பலர் நினைப்பார்கள், உண்மையில் அது நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர். 2022 ஆகஸ்டில், மனிதருக்காக எழுதியதா தேடுபொறிக்காக எழுதியதா என்று பிரித்துப் பார்க்கும் இன்னொரு மாற்றம் வந்தது. 2024 மார்ச்சில், மொத்தமாக உற்பத்தி செய்து குவிக்கும் பக்கங்களை, அவற்றை மனிதர் எழுதினாலும் எந்திரம் எழுதினாலும், தனிக் குற்றமாகவே அறிவித்தார்கள். கூகுள் தன் மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுக்கும் கையேடு நிபுணத்துவம், அதிகாரம், நம்பகம் ஆகியவற்றோடு 2022 இறுதியில் நேரடி அனுபவத்தையும் சேர்த்தது. மருத்துவம், பணம் தொடர்பான பக்கங்களில் இவற்றை இன்னும் கறாராகப் பார்க்கச் சொல்கிறது. அந்த மதிப்பீட்டாளர்கள் எந்தத் தளத்துக்கும் நேரடியாக இடம் தருவதில்லை. மாற்றங்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கத்தான் அவர்கள். என்னைக் கேட்டால் இந்த விதிகள் நியாயமானவை, நிறைவேற்றத்தில்தான் கோளாறு. உருப்படியாக எழுதிய சிறு தளங்களும் இந்தச் சல்லடையில் சேர்ந்து விழுந்ததாகப் புலம்பல் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது.

எந்திரம் இன்னும் எதையெல்லாம் பார்க்கிறது என்பது அண்மைவரை ஊகமாகவே இருந்தது. தேடுபவர் எதைச் சொடுக்குகிறார் என்பதை வரிசைக்குப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டால் கூகுள்காரர்கள் பல்லாண்டு மழுப்பினார்கள். அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் 2023இல் கூண்டேறிய தேடல் பிரிவுத் துணைத்தலைவர் பாண்டு நாயக், 'நேவ்பூஸ்ட்' என்ற அமைப்பு 13 மாதச் சொடுக்கல்களை வைத்து இயங்குவதை விவரித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். நமக்கு இதிலிருந்து தெரிவது: உள்ளே வந்தவர் ஏமாந்து உடனே திரும்பிப் போனால் அதுவும் குறித்து வைக்கப்படுகிறது. பரபரப்புத் தலைப்பு போட்டு இழுப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது எழுத்து துள்ளிக் குதிக்கக்கூடாது. இவை கூகுள் சொல்லும் அளவுகள். பாதுகாப்பான இணைப்பு 2014 முதலும், கைபேசிக்கு ஏற்ற வடிவம் 2015 முதலும் கணக்கில் வருகின்றன. நல்ல பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திறந்தாலும் மேலே வரும். வெறும் பக்கத்தை வேகம் காப்பாற்றாது.

எஸ்.இ.ஓ. கையேடுகள் ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டவை. தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் இருக்கின்றன, அவற்றை எழுதத்தான் ஆளில்லை. 1991இலேயே யுனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் தமிழ் இதழ்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் தளம் நடத்தின. அந்த எழுத்துருவை இறக்காதவருக்கு எல்லாம் கிறுக்கலாகவே தெரியும். தேடுபொறிக்கும் அது கிறுக்கல்தான். அந்தக் காலத்துக் கட்டுரைகளில் எவ்வளவோ இன்றும் தேடலில் அகப்படாததற்கு அதுவே காரணம். அந்தத் தலைவலி தீர்ந்தது. அடுத்தது இலக்கணம். ஆங்கிலத்தில் வீடு என்ற சொல் எங்கே வந்தாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நமக்கோ வீடு, வீட்டை, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து. மரம் என்பது மரத்தில் என்று உடைந்து நிற்கும். விகுதியை வெட்டினாலும் அடிச்சொல் அப்படியே கிடைக்காது. புணர்ச்சி வேறு. தேடுபொறிகள் இதில் முன்னேறியிருக்கின்றன, ஆங்கிலத்தில் செய்வதைப் போல இன்னும் செய்வதில்லை. ஆகவே முக்கியச் சொல்லின் வேற்றுமை ஏற்காத வடிவம் தலைப்பிலாவது ஒரு முறை வரட்டும்.

ஒரே பொருளுக்கு நமக்குச் சொற்களும் அதிகம். தஞ்சாவூர்க்காரர் தஞ்சை என்று தேடுவார், கோயம்புத்தூரைக் கோவை என்றும் திருநெல்வேலியை நெல்லை என்றும் தேடுவார்கள். கனடா நகரத்தை நாம் டொராண்டோ என்றால் ஈழத்தமிழர் ரொறன்ரோ என்பார்கள். நமது பாஸ்போர்ட் அங்கே கடவுச்சீட்டு. இரு கரை வாசகரும் வேண்டுமென்றால் இரண்டு வடிவமும் இயல்பாகப் பக்கத்தில் இடம்பெற வேண்டும். வரிசையாக அடுக்கினால் அது பழைய சொல்லடைப்பு மோசடியாகிவிடும். இன்னொரு கூட்டம் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறது, சாம்பார் செய்வது எப்படி என்பதைக்கூட. அவர்களுக்காகத் தனிப் பக்கம் எழுதத் தேவையில்லை. முகவரியை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது, அதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. தமிழ் எழுத்தில் வைத்த முகவரியை நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் சதவீதக் குறிகளாகச் சிதறிவிடும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லுக்கு 45 குறிகள். வாட்ஸ்அப்பில் அப்படியொரு வாலைப் பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்து ஒதுங்குவார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குப் பிழைப்பு என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. தமிழ்ப் பக்கங்களில் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரத்துக்கு 2018 பிப்ரவரியில்தான் அனுமதி வந்தது. அதுவரை மேலே வந்தும் பைசா பிரயோஜனமில்லாமல் இருந்தது. வந்தபின், ஆங்கிலப் பக்கங்களை எந்திரத்தில் மொழிபெயர்த்துக் கொட்டும் தளங்களும் பெருகின. ஆனால் போட்டி இன்னும் குறைவு. விவசாயமோ சட்டமோ வைத்தியமோ, உண்மையிலேயே அறிந்த ஒருவர் தமிழில் நிதானமாக எழுதினால், ஆங்கிலத்தில் கனவு காண முடியாத இடம் தமிழில் கிடைக்கிறது.

ஊரில் கடை வைத்திருப்பவருக்கு இவ்வளவும் தேவையா என்றால், பாதி தேவையில்லை. 'பக்கத்தில் உள்ள' என்று தேடும்போது வரும் வரைபடப் பட்டியலுக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் என்று மூன்றையே கூகுள் காரணமாகச் சொல்கிறது. வணிகச் சுயவிவரத்தில் பெயர், முகவரி, நேரம் சரியாக இருப்பதும், வாடிக்கையாளர் எழுதும் விமர்சனங்களும் தளத்தைவிட அங்கே அதிகம் வேலை செய்யும். காசுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் அங்கேயும் வந்துவிட்டார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். "முப்பது நாளில் முதலிடம்" என்று எழுதிக் கொடுப்பவரைக் கண்டால் விலகிக்கொள்ளலாம். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

இப்போது ஆட்டத்தின் களமே நகர்கிறது. 2024 மே மாதம் முதல் அமெரிக்காவிலும், பிறகு இந்தியா உள்ளிட்ட நாடுகளிலும், கேள்விக்குச் செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடை முடிவுகளுக்கு மேலேயே வருகிறது. இட்லி மாவுக்கு அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு என்று கேட்டவருக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டால், முதலிடத்தில் இருந்தாலும் சமையல் தளத்துக்குள் அவர் ஏன் வரப்போகிறார்? அந்த விடை எடுக்கப்படுவதும் இதே இன்டெக்ஸிலிருந்துதான். ஆகவே கிராலருக்குக் கதவைத் திறந்து வைக்கும் பழைய வேலை அப்படியே இருக்கிறது, திறந்து வைத்ததற்குக் கிடைக்கும் கூலிதான் குறைகிறது. என் எழுத்தை அந்தத் தொகுப்பு விடைக்கு எடுக்காதே என்று சொல்ல 'நோஸ்னிப்பட்' என்று ஒரு குறிப்பு உண்டு. அதைப் போட்டால் சாதாரண முடிவுகளிலும் தலைப்புக்குக் கீழே வரும் விளக்க வரி காணாமல் போகும். போடாவிட்டால் விடையை எடுத்துக்கொண்டு வாசகரை அங்கேயே நிறுத்திவிடும். எனக்குத் தெரிந்த ஒரு சமையல் தளக்காரர் இரண்டு மாதம் போட்டுப் பார்த்தார், பிறகு எடுத்துவிட்டார். இப்போது அளவுகளைப் பக்கத்தின் உச்சியில் எழுதிவிட்டு, மாவு பொங்காத மழைக்காலத்தில் தம் பாட்டி என்ன செய்வார் என்பதைக் கீழே எழுதுகிறார். சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்துக்கு வருகிற கேள்விகளில் இப்போதெல்லாம் 'மாவு பொங்கவில்லை' என்பதே அதிகம் இருப்பதாகச் சொன்னார்.